டவர் இழந்த கைப்பேசி

கையினின்று நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்த கைப்பேசியை எடுத்துப் பார்க்கையில், திரையின் ஒரு மூலையில் மயிரிழைக் கீறல் ஓடியிருப்பதைத் தவிர வேறு சேதம் ஏதும் தென்படாமல், படமும் பாட்டும் முன்போலவே இயங்கி, வீட்டு வைஃபையில் செய்திகளும் தடையின்றி வந்துகொண்டிருக்க, டவரோடு தொடர்பு கொள்ளும் அந்த ஒரு காரியம் மாத்திரம் அடியோடு நின்றுபோயிருப்பதுண்டு. சென்னை ரிச்சி தெருவிலும், சிற்றூர்ப் பேருந்து நிலையங்களை அடுத்த சிறு கடைகளிலும், ‘டவர் எடுக்கவில்லை’ என்ற ஒற்றை வாக்கியத்தோடு மேஜைமேல் வைக்கப்படும் கைப்பேசிகளுள் இவ்வகையைச் சேர்ந்தவை பல. அந்த ஒற்றை வாக்கியத்துக்குள் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத பல பழுதுகள் அடங்கியிருக்கின்றன என்பதும், அவற்றுள் நம் எதிரே இருப்பது எது என்பதை ஒரு திருகையும் கழற்றாமலே பெரும்பாலும் நிர்ணயித்துவிடலாம் என்பதும், அவ்வாறு நிர்ணயிக்கும் பொறுமையின்றிச் சூட்டுக்காற்றுக் குழலைக் கையில் எடுப்பவர் பிழைக்கக்கூடிய யந்திரத்தையும் கொன்றுவிடுகிறார் என்பதுமே இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப் புகுந்த விஷயம்.

கைப்பேசி எத்துணை மெல்லிய சமிக்ஞையை நம்பி வாழ்கிறது என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். 4ஜி முறையில் சாதாரணக் கைப்பேசி ஒன்று வெளியிடும் அதிகபட்ச சக்தி ஏறக்குறைய 0.2 வாட். டவரிலிருந்து அதற்கு வந்து சேர்வதோ, சற்றுத் தொலைவான இடங்களில், −100 டிபிஎம் என்று பொறியாளர்கள் குறிக்கிற அளவினது. அதாவது ஒரு வாட்டைப் பத்து லட்சம் கோடிக் கூறுகளாக வகுத்தால் கிடைக்கும் ஒரே ஒரு கூறு. இவ்வளவு அற்பமான சக்தியைப் பிடித்து, சுற்றிலும் நிறைந்த இரைச்சலினின்று பிரித்து, அதிலிருந்து மனிதக் குரலை மீட்டெடுக்கிற சாதனம் நம் சட்டைப்பையில் கிடக்கிறது என்பது எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்புக் குறையாத உண்மை. வரவே இவ்வளவு சுருங்கியதாக இருக்கையில், வரும் வழியில் ஒரு சிறு இணைப்பு விலகினாலும் எஞ்சுவது ஒன்றுமில்லை.

அந்த வழியின் முகப்பில் நிற்பது ஆன்டெனா. 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர், 1800-க்கு 17-ஐ ஒட்டியது, 2300-க்கு 13. அலைநீளத்தில் கால் பங்கு நீளமுள்ள உலோகத் துண்டு அவ்வலைக்கு இசைந்து அதிரும் இயல்புடையதாகையால், எட்டு, நான்கு, மூன்று சென்டிமீட்டர் அளவுள்ள உலோகப் பட்டைகள் கைப்பேசியின் உடலுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. 1973-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் தேதி மார்ட்டின் கூப்பர் நியூயார்க் நகரத் தெருவில் நின்று முதல் கைப்பேசி அழைப்பைச் செய்தபோது, அவர் கையிலிருந்த கருவியின் தலைமேல் ஆன்டெனா நீட்டிக்கொண்டிருந்தது. இன்றோ கைப்பேசியைச் சுற்றி ஓடும் உலோகச் சட்டமே பல மாதிரிகளில் ஆன்டெனாவாக வேலை செய்கிறது. அச்சட்டத்தின் விளிம்பில் அழகுக்காக வைத்தன போலத் தோன்றும் மெல்லிய பிளாஸ்டிக் கோடுகள் உண்மையில் ஓர் ஆன்டெனாவை மற்றொன்றினின்று பிரிக்கும் எல்லைகள். 2010-இல் வெளிவந்த ஐபோன் 4-இல் இடப்புறக் கீழ்மூலையிலிருந்த அத்தகைய இடைவெளியைப் பிடித்த கையே பாலமாக இணைத்துவிட, சிக்னல் சரிந்ததும், பெரிய சர்ச்சைக்குப் பின் ஆப்பிள் நிறுவனம் உறைகளை இலவசமாகத் தந்ததும் பலருக்கு நினைவிருக்கலாம். வெறும் கைபட்டதற்கே அந்த விளைவானால், தரையில் மோதி வளைந்த சட்டம் என்ன செய்யாது? சட்டத்துக்கும் மதர்போர்டுக்கும் இடையே மின்தொடர்பைத் தருவன தங்க முலாம் பூசிய மிகச் சிறிய வில் இதழ்களே. சட்டம் அரை மில்லிமீட்டர் விலகினாலும் அவ்விதழ்கள் காற்றைத் தொட்டுக்கொண்டு நிற்கும்.

விலை நடுத்தரமான ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் அமைப்பு வேறு. மதர்போர்டு மேற்பகுதியிலும், சார்ஜ் செய்யும் துளையைத் தாங்கிய சப் போர்டு கீழ்ப்பகுதியிலும், இரண்டுக்கும் நடுவே பேட்டரியும் அமைந்திருக்க, பிரதான ஆன்டெனா கீழே சப் போர்டை ஒட்டி இருக்கும். அதற்கும் மேலேயுள்ள போர்டுக்கும் தொடர்பு, பேட்டரியின் ஓரமாக ஓடும் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள கோஆக்சியல் கேபிள் ஒன்றே. அதன் இரு முனைகளிலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டமான தங்கநிறத் தொப்பி. அது போர்டிலுள்ள குமிழின்மேல் ‘டிக்’ என்ற ஓசையோடு அழுந்திப் பொருந்தும். திருகும் இல்லை, பற்றவைப்பும் இல்லை, வெறும் பிடிப்புதான். விழுந்த அதிர்ச்சியில் அந்தத் தொப்பி கழன்றுகொண்டாலும், பாதி கழன்று சாய்ந்து நின்றாலும், அலைவழி அங்கே அறுந்துபோகிறது. பாதிக் கழற்சியும் முழுக் கழற்சியைப் போலவே கெடுதி விளைவிப்பதற்குக் காரணம் உண்டு. உயர்ந்த அதிர்வெண்ணில் கம்பி என்பது வெறும் கம்பி அன்று. 50 ஓம் என்ற ஒரே தடையளவு ஆன்டெனாவிலிருந்து சில்லு வரையில் இடையறாது நிலவினால்தான் அலை முழுமையாகச் செல்லும். வாய்க்காலில் மடை திடீரெனக் குறுகுமிடத்தில் வந்த நீர் மோதித் திரும்புவதுபோல, அந்தத் தடையளவு மாறுகிற இடத்தில் அலையின் பெரும்பகுதி வந்த வழியே திரும்பிவிடுகிறது.

இந்த அமைப்பிலிருந்து எழும் விசித்திரம் ஒன்றுண்டு. 4ஜி கைப்பேசிகள் பலவற்றில் பிரதான ஆன்டெனாவைத் தவிர, தலைப்பகுதியில் கேட்பதற்கு மாத்திரம் அமைந்த துணை ஆன்டெனா ஒன்றும் இருக்கும். கீழுள்ள கேபிள் கழன்ற பின்னும் மேலுள்ளது டவரின் அலையைக் கேட்டுக்கொண்டிருப்பதால், திரையில் இரண்டு மூன்று கோடுகள் நிற்கும். ஆனால் அழைத்தால் அழைப்புப் போகாது. ‘சிக்னல் இருக்கிறது, பேச முடியவில்லை’ என்று உடையவர் சொல்லும்போது அவர் மனம் கம்பெனியின் மேல் சந்தேகப்படுவது இயல்பே. ஆயினும் அந்தக் கோடுகள் கேட்கும் திறனுக்குத்தான் சாட்சியேயொழியப் பேசும் திறனுக்குச் சாட்சி அல்ல.

கேட்பதையும் பேசுவதையும் இவ்வாறு பிரித்து அறிவதே பரீட்சையின் உயிர்நாடி. கைப்பேசி இயக்கப்பட்டவுடன் முதலில் மௌனமாக இருந்து, டவர்கள் ஓயாது ஒலிபரப்பும் ஒத்திசைவுக் குறிகளைத் தேடுகிறது. அகப்பட்டதும், அந்த டவர் எந்தக் கம்பெனியுடையது என்ற விவரத்தைப் படிக்கிறது. அதன் பின்னரே தான் வாய் திறந்து, ‘இங்கே இருக்கிறேன்’ என்று ஒரு சிறு அலையை அனுப்பி, மறுமொழி பெற்று, சிம்மின் துணையோடு தன்னைப் பதிவு செய்துகொள்கிறது. ஆகையால், அமைப்புகளில் நெட்வொர்க்கைக் கையால் தேடுமாறு ஏவினால், அருகிலுள்ள கம்பெனிகளின் பெயர்கள் வரிசையாக வந்து நிற்குமானால், கேட்கும் வழி உயிரோடிருக்கிறது என்பது நிச்சயம். பெயர்கள் வந்தும், நல்ல சிம் எதைப் போட்டாலும் பதிவாகாவிடில், பழுது அனுப்பும் வழியில் இருப்பதாகக் கருதலாம். பெயர் ஒன்றுகூட வரவில்லையெனில் ஆன்டெனா வழியோ, ஏற்பிச் சில்லோ, அதற்கும் அப்பாலோ கேடுற்றிருக்கிறது.

அதற்கும் அப்பால் எது என்பதை *#06# என்று தட்டினால் தெரியலாம். பதினைந்து இலக்கங்கொண்ட ஐஎம்இஐ எண் திரையில் வருமாயின், மோடம் எனப்படும் பேஸ்பேண்ட் பகுதி விழித்திருந்து கேள்விக்கு விடை சொல்கிறது. எண் வராமல் வெறுமையாக நின்றால், பெரும்பாலும் அப்பகுதியே எழுந்திருக்கவில்லை. முன்னதற்கும் பின்னதற்கும் செலவிலும், வேலையிலும், பிழைக்கும் வாய்ப்பிலும் பெருத்த வித்தியாசம் உண்டு. அரை நிமிஷத்தில் முடிகிற இந்தப் பரீட்சையைச் செய்யாமல் கைப்பேசியைப் பிரிப்பவரை நான் நல்ல மெக்கானிக் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

‘சிம் இல்லை’ என்று திரை காட்டுவது வேறு கதை. சிம்மின் தங்கத் தகட்டில் வேலை செய்யும் தொடுமுனைகள் ஆறு. விழுந்தபோது தட்டு வளைந்தோ, உள்ளிருக்கும் ஊசி இதழ் ஒன்று மடங்கியோ போனால், டவர் அனுப்பும் சவால் எண்ணுக்குத் தன் இரகசியச் சாவியைக் கொண்டு கணக்கிட்டு விடை தர வேண்டிய சிம்மோடு பேச முடியாமல் மோடம் நின்றுவிடுகிறது. அப்போது ‘அவசர அழைப்புகள் மட்டும்’ என்ற வாசகம் தோன்றினால் அதை நற்செய்தியாகவே கொள்ளலாம். டவரின் அலை வந்துகொண்டிருக்கிறது, சிம் வழி மாத்திரமே தடைப்பட்டிருக்கிறது. பூதக்கண்ணாடியின் கீழ் ஊசிமுனையால் இதழை நிமிர்த்தினால் தீரும் பழுது அது.

இனித் திறக்கலாம். பின்மூடியின் பசையை இளஞ்சூட்டில் இளக்கிப் பிரித்தவுடன் செய்ய வேண்டிய முதற் காரியம் பேட்டரியின் இணைப்பை விலக்குவது. அடிபட்டு உப்பியிருக்கும் லிதியம் பேட்டரியைக் குத்தவோ நெம்பவோ கூடாது. பிறகு கோஆக்சியல் கேபிளின் இரு தொப்பிகளையும் கழற்றிவிட்டு மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். நடுக் கம்பி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தொடர்ந்திருக்க வேண்டும். வெளி உறையும் அவ்வாறே. நடுக் கம்பிக்கும் உறைக்கும் இடையே மட்டும் தொடர்பு இருக்கலாகாது. இரு முனைகளையும் கழற்றியே அளக்க வேண்டும் என்று வற்புறுத்துவது ஏனெனில், இன்றைய ஆன்டெனாக்கள் பல ஒரு காலை மின்சுற்றின் தரைமுனையில் ஊன்றி நிற்கும்படி வடிவமைக்கப்பட்டவை. கேபிள் மாட்டியிருக்கையில் அளந்தால் மீட்டர் ‘ஷார்ட்’ என்று ஒலிக்கும். பழக்கமில்லாதவர் நல்ல கேபிளை வீணாக மாற்றிவிடுவார். கேபிள் நன்றாக இருந்து, தொப்பிகளும் சரியாகப் பொருந்தியும் பயனில்லையெனில், அனுபவமுள்ளவர்கள் கையாளும் உபாயம் ஒன்றுண்டு: மதர்போர்டிலுள்ள குமிழின் நடுமுனையில் எட்டு சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய செப்புக் கம்பியைத் தற்காலிகமாகத் தொடவைத்து, பேட்டரியை இணைத்து, சிக்னலைப் பார்ப்பது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்குக் கால் அலைநீளம் அதுவே ஆகையால், அந்தக் கம்பியே ஆன்டெனாவாகி நிற்கும். சிக்னல் எழுந்தால் போர்டு குற்றமற்றது. சப் போர்டையோ ஆன்டெனாவையோ மாற்றினால் போதும். எழாவிடில் பழுது போர்டிலேயே.

போர்டில் பழுது எவ்வாறு உண்டாகிறது? ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடுகையில் வினாடிக்கு 4.4 மீட்டர் வேகத்தை எய்தியிருக்கும். கடினத் தரையில் அவ்வேகம் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக் காலத்துக்குள் அழிந்துபோகுமானால், புவியீர்ப்பைப் போல் சுமார் 450 மடங்கு தாக்கம். 180 கிராம் கைப்பேசி அந்தக் கணத்தில் 80 கிலோகிராம் பளுவைத் தாங்குகிறது. கண்ணாடி இழையும் செம்பும் அடுக்கிய போர்டு அப்போது வில்லாக வளைந்து நிமிர்கிறது. அதன்மேல் அமர்ந்த சிலிக்கன் சில்லோ வளைய மாட்டாது. வளையும் ஒன்றுக்கும் வளையாத ஒன்றுக்கும் நடுவில் அகப்பட்டு முழு வேதனையையும் ஏற்பவை, சில்லின் அடியில் வரிசை வரிசையாக அமைந்த, 0.3 மில்லிமீட்டர் அளவே விட்டமுள்ள பற்றாசு உருண்டைகள். நான்கு மூலைகளிலுள்ளவைதாம் முதலில் விரிசல் காண்பவை. 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஈயம் கலந்த பற்றாசுக்குக் கட்டுப்பாடு வந்து, உலகமெங்கும் தொழிற்சாலைகள் வெள்ளீயமும் வெள்ளியும் செம்பும் கலந்த புதுக் கலவைக்கு மாறின. பழையது 183 டிகிரியில் உருகும். புதியது 217 டிகிரிக்கு மேல். நச்சு விலகியது பெரும் நன்மை; அதில் எனக்குச் சிறிதும் கருத்துவேறுபாடு இல்லை. எனினும் புதுக் கலவை இறுக்கமானது. திடீர் அதிர்ச்சியில் ஈயக் கலவையைப் போல் இணங்கிக் கொடுப்பதில்லை.

இது வெறும் ஊகமன்று. ஐபோன் 6 பிளஸ், கடினத் தரையில் பலமுறை விழுந்து மேலும் நெருக்கடிக்கு ஆளானால், திரை மினுமினுத்துத் தொடுகைக்கு இணங்காமல் போகக்கூடும் என்று 2016 நவம்பரில் ஆப்பிள் நிறுவனமே அறிவித்து, குறிப்பிட்ட கட்டணத்தில் பழுதுபார்க்க முன்வந்தது. அங்கே கேடுற்றது தொடுதிரையை ஆளும் சில்லின் இணைப்பு. அலைத்தொடர்பையே இழந்த நிகழ்ச்சி 2018 பிப்ரவரியில் வெளிப்பட்டது: அமெரிக்கா, சீனா, ஜப்பான், ஹாங்காங், மக்காவ் ஆகிய இடங்களில் விற்ற ஐபோன் 7-களுள் சிறு பகுதி, டவர் இருக்கும் இடத்திலும் ‘சேவை இல்லை’ என்று காட்டுவதாகவும், பிரதான போர்டிலுள்ள ஓர் உறுப்பின் கேடே அதற்குக் காரணமென்றும் ஒப்புக்கொண்டு, அந்நிறுவனம் அவற்றை இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது. அடிபட்டதனால் வந்ததென்று அந்த அறிவிப்பு கூறவில்லை. ஆயினும் ஒரே ஓர் உறுப்பின் கேடு முழு அலைத்தொடர்பையும் அழித்துவிடும் என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை.

போர்டின் பழுதிலும் பாகுபாடு உண்டு. ஒவ்வோர் அலைவரிசைத் தொகுதிக்கும் வெவ்வேறு வடிகட்டியும், பெரும்பாலும் வெவ்வேறு சக்திப்பெருக்கியும் இருப்பதால், ஒரு தொகுதி மாத்திரம் செத்து மற்றவை பிழைத்திருப்பதுண்டு. ஜியோவின் 4ஜி 850, 1800, 2300 ஆகிய மூன்றிலும் ஓடுகிறது. வீட்டில் 850-இல் பேச முடிகிற ஒருவர், 2300 மாத்திரம் கிடைக்கிற இடத்துக்குப் போனவுடன் டவர் இழந்தால், ஒரு பெருக்கியையோ வடிகட்டியையோ மாற்றுவதோடு வேலை முடியும். சில்லின் அடியிலுள்ள தடம் போர்டிலிருந்து பெயர்ந்திருந்தால், தலைமயிரினும் மெல்லிய கம்பியால் ‘ஜம்பர்’ அடித்து அடுத்த புள்ளியோடு இணைப்பர். நுண்ணோக்கியின் கீழ், மூச்சையும் அடக்கிக்கொண்டு செய்கிற அந்த வேலையைப் பார்த்தவர்கள் அதனை ஒரு கலையென்றே சொல்வார்கள். உருண்டைகள் விரிந்திருந்தால் சில்லைச் சூட்டுக்காற்றால் எடுத்து, பழைய பற்றாசைத் துடைத்து, துளைத்தகடு வைத்துப் புது உருண்டைகள் அமைத்து மீண்டும் பதிக்க வேண்டும். ‘ரீபால்’ என்று கடைகளில் வழங்குவது இது.

விரிசலுற்ற சில்லை விரலால் அழுத்தினால் ஒரு கணம் டவர் வந்து போவதுண்டு. அதைக் கண்டவுடன், சில்லை எடுக்காமலே மேலிருந்து சூடேற்றி, பற்றாசு தானே கூடிக்கொள்ளும் என்று நம்பிக் கைப்பேசியை ஒப்படைத்துவிடும் வழக்கம் சில இடங்களில் நிலவுகிறது. விரிசலின் முகங்களில் ஏற்கெனவே படிந்த ஆக்ஸைடு அகலாமல் அங்கே உண்மையான இணைப்பு உண்டாவதில்லை. சில வாரங்களில் பழுது மீண்டும் தலைதூக்கும். அதற்குள், அந்தச் சூட்டில் பக்கத்திலிருந்த பிராசஸரும், அதன் முதுகில் அடுக்கிய நினைவகச் சில்லும் தளர்ந்து போயிருக்கும். டவர் இல்லாவிடினும் திறந்துகொண்டிருந்த கைப்பேசி இப்போது திறக்கவே மறுக்கும். அதிலுள்ள புகைப்படங்களும் அத்தோடு போயின. சூடேற்றுவதற்கு முன் எல்லாத் தகவல்களையும் வேறிடத்துக்குப் பிரதி எடுத்துவிட வேண்டும் என்பதை எவரும் மறக்கலாகாது.

பேஸ்பேண்ட் பகுதியே இறந்த கைப்பேசிக்கு வேறொரு கைப்பேசியின் சில்லை எடுத்துப் பொருத்த முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. பல மாதிரிகளில் அச்சில்லும் பிராசஸரும் தொழிற்சாலையிலேயே சங்கேதச் சாவியால் பிணைக்கப்பட்டவை. ஒன்றை மாற்றினால் மற்றது அதனை ஏற்பதில்லை. அப்போது மென்பொருள் கொண்டு ஐஎம்இஐ எண்ணை ‘எழுதித் தருகிறேன்’ என்று எவரேனும் முன்வந்தால் விலகிவிடுவதே விவேகம். அந்த எண்ணைத் திருத்துவதை 2017-ஆம் ஆண்டின் விதிகளே தடை செய்தன; 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் இத்தகைய செயலுக்கு மூன்றாண்டு வரை சிறையோ, ஐம்பது லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடந்தருகிறது. திருடப்பட்ட கைப்பேசியை முடக்குவதற்கு அந்த எண்ணே ஆதாரமாகையால், சட்டத்தின் கடுமை நியாயமானதே.

பழுது எதுவாயினும், நீங்கியதாகத் தோன்றியவுடன் மூடிவிடலாகாது. ஒரே மாதிரியான நல்ல கைப்பேசி ஒன்றைப் பக்கத்தில் வைத்து, ஒரே கம்பெனியின் சிம்களோடு, இரண்டின் டிபிஎம் அளவையும் ஒப்பிட வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் *#*#4636#*#* என்று தட்டினால் அந்த அளவு தெரியும். அந்த அளவில் பத்து குறைந்தால், சக்தியில் பத்தில் ஒரு பங்கே வருகிறது என்று அர்த்தம். கோடுகளின் எண்ணிக்கையை நம்பி இதனைக் கண்டுகொள்ள முடியாது. பிறகு அழைத்துப் பேசி, அனுப்பும் வழியைச் சோதிக்க வேண்டும். கைப்பேசியைக் கையில் இயல்பாகப் பிடித்தும் ஒருமுறை பேசிப் பார்க்க வேண்டும். கழற்றிய திருகுகள் அனைத்தும் திரும்ப ஏறியாக வேண்டும். ஆன்டெனாவுக்கு அருகிலுள்ள திருகு போர்டைப் பிடித்து நிற்பதோடு தரைமுனை இணைப்பையும் தருவதால், திரை மாற்றுகிறவர் அதனை விட்டுவிட்டதனாலேயே சிக்னல் குன்றிய கைப்பேசிகள் உண்டு. இவையெல்லாம் நிறைவான பின் பின்மூடியின் ஓரத்தில் பழைய பசையைச் சுரண்டி நீக்கிப் புதுப் பசை தடவி ஒட்டி, ஒருமுறை திறந்த கைப்பேசியின் நீர்த்தடுப்பை இனி நம்பலாகாது என்பதை உடையவரிடம் சொல்லி ஒப்படைக்க வேண்டும்.